வடிகுழாய் பாட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகமும்

குளிக்கும்போது சோப்பு வழுக்கிக்கொண்டே போன விரல் ஒரு இடத்தில் நின்றது. இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, சின்னக் கோலிக்குண்டு மாதிரி ஒன்று. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வாரம்.

அப்போது எனக்கு 46 வயது. மாதவிலக்கை ஒட்டி வருகிற கட்டியாக இருக்கும், அடுத்த மாதம் கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த ஏழு வாரத்தில் என்ன மாறியிருக்கும் என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் அதை நினைத்து நினைத்து மருகுவதை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். ஆனால் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: வலிக்காத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும். கட்டி மட்டும் இல்லை. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருவது, தோல் குழி விழுவது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடிப்பது, இதெல்லாமும் காட்ட வேண்டியவைதான். முதல்முறை மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று தெரிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அந்த 60 நாளைத் தொடங்கி வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், அப்புறம் ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி. பயாப்சிக்குப் போகும் முன்பே உறவினர் ஒருவர் போன் செய்து, "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்க, வேண்டாம்" என்றார். அன்போடுதான் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு பயாப்சி செய்யாமல் இருந்தவர்களைப் பிற்பாடு சிகிச்சைக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். பயாப்சியைத் தள்ளிப்போட்டதில்தான் அவர்களுக்கு நோய் வளர்ந்திருந்தது. எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாமல் எந்த மருந்தையும் தீர்மானிக்க முடியாது. அதைச் சொல்வது அந்தத் துணுக்குச் சதைதான்.

ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. கவுண்டரில் இருந்தவர் உறையைக் கொடுத்து, "திங்கட்கிழமை டாக்டரைப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். புரிந்த ஒரே வரி, 'கிரேடு 3'. மூன்றாம் கட்டம், முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று இரவும் நான் தூங்கவில்லை. பீரோவைத் திறந்து நகை, பத்திரம், பாஸ்புக் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மகளுக்காக வைத்தேன். அவளுக்கு அப்போது 17 வயது.

திங்கட்கிழமை மருத்துவர் வருவதற்கு முன்னால், வெளியே இருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "இது ஸ்டேஜ் இல்லைங்க, கிரேடு. செல் மைக்ராஸ்கோப்ல எப்படித் தெரியுது, எவ்வளவு வேகமா பெருகற ஜாதின்னு சொல்றது கிரேடு. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்றதுதான் ஸ்டேஜ். ஸ்டேஜ் இன்னும் யாருக்கும் தெரியாது, ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை வெள்ளிக்கிழமையே யாராவது கொடுத்திருந்தால் எனக்கு அந்த மூன்று இரவு மிஞ்சியிருக்கும்.

ஆறுதலும் தகவலும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த நர்ஸ் என் கையைப் பிடிக்கவில்லை, தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னார். அதைவிடப் பெரிய ஆறுதல் இந்த ஏழு வருடத்தில் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் காலியாக விட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வலப்பக்கம் நிரம்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதில் முதலில் நிரம்பியது ஈஆர், பிஆர், ஹெர்-2 என்ற மூன்றும். புற்றுநோய் செல்லின் மேலும் உள்ளேயும் சில 'பூட்டுகள்' இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான பூட்டுகள்தான் ஈஆர், பிஆர். அவை இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும். என் ரிப்போர்ட்டில் 'ஈஆர் 90 சதவீதம்' என்று இருந்ததைப் பார்த்து என் கணவர் ஆடிப்போய்விட்டார். உடம்பில் 90 சதவீதம் பரவிவிட்டது என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது எங்களுக்குச் சாதகமான எண். மாத்திரை பிடித்துக்கொள்ள அத்தனை செல்களில் பிடி இருக்கிறது என்று அர்த்தம்.

ஹெர்-2 என்பது சில புற்றுநோய்களில் அளவுக்கு மீறி இருக்கும் ஒரு புரதம். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். எனக்கு 2+, அதாவது இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து, பத்து நாள் காத்திருந்து, நெகட்டிவ் என்று வந்தது. பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. அதற்கென்றே 1998இல் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து வந்தது, அதற்குப் பின் இன்னும் சில வந்திருக்கின்றன. பொதுவாக ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும் மருந்து அது. இதயத்தைக் கொஞ்சம் பாதிக்கலாம் என்பதால் நடுநடுவே எக்கோ எடுப்பார்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் அதை 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்பார்கள். அதற்குப் பாதை வேறு, அங்கே கீமோதான் முதுகெலும்பு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த மருந்து ஏன் நமக்குக் கொடுக்கவில்லை என்று கலங்குகிறவர்களுக்குப் பாதி நேரம் பதில் இந்த மூன்று எழுத்துகளில்தான் இருக்கும்.

கடைசியில் ஸ்கேன் எல்லாம் முடிந்து, கட்டி மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அக்குளில் சில நிணநீர் முடிச்சுகளிலும் நோய், வேறு எங்கும் பரவவில்லை என்று தெரிந்தது. கிரேடு 3, ஆனால் ஸ்டேஜ் 2.

கட்டி என்னவென்று தெரிந்ததும் "நாளைக்கே எடுத்துவிடுங்கள்" என்று வீட்டில் எல்லோரும் பரபரத்தார்கள். எனக்கு மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. அந்த நாட்களில் படித்த ஒரு விஷயம் எனக்குத் தெம்பு கொடுத்தது. 1970களில் அமெரிக்காவில் மார்பில் கட்டி என்று போகும் பெண்ணை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து, அங்கேயே பயாப்சி பார்த்து, புற்றுநோய் என்றால் அப்படியே மார்பை எடுத்துவிடுவது வழக்கமாக இருந்ததாம். கண் விழிக்கும்போதுதான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியும். 1974இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் அப்படித்தான் நடந்தது. தனக்கு நடந்ததை அவர் ஒளிக்காமல் வெளியே சொன்னதால் ஏராளமான பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். அதே ஆண்டு மார்பில் கட்டியைக் கண்ட ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், பயாப்சி தனி, அறுவை சிகிச்சை தனி, நடுவில் யோசிக்க நேரம் வேண்டும் என்று விடாமல் போராடினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அதையே பரிந்துரைத்தது. அவர்கள் வாங்கிக் கொடுத்த நேரம் அது. அதை நான் ஏன் பயன்படுத்தாமல் விட வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு இரண்டொரு வாரம் யோசித்து, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டு முடிவெடுப்பதால் கெடுதல் வராது. உங்கள் விஷயத்தில் எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரையே நேராகக் கேட்டுவிடலாம். அதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மார்பை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பை முழுதாக எடுத்தவர்களும் உயிர்வாழ்ந்த அளவு ஒன்றாகவே இருந்தது. ஆகவே முழுதாக எடுத்தால்தான் பாதுகாப்பு என்பது சரியில்லை. எனக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. ஒரே மார்பில் தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் நோய் இருந்தது. ஆனால் காரணம் தெரிந்து இழந்தேன். காரணம் தெரியாமல் இழந்தவர்களின் குரலில் பல வருடம் கழித்தும் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னை அதிகம் மிரட்டியது தையல் இல்லை, டிரெயின் என்ற வடிகுழாய். பக்கவாட்டில் தோலைத் துளைத்து வெளியே வரும் இரண்டு ரப்பர் குழாய்கள், நுனியில் அமுக்கி வைத்த பிளாஸ்டிக் பாட்டில்கள். உள்ளே சேரும் நீரை அவை உறிஞ்சி வெளியே எடுக்கின்றன. என் தங்கைதான் அதைப் பார்த்துக்கொண்டாள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வருவாள். கையைக் கழுவுவாள். குழாயை மேலே ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரல்களால் கீழ்நோக்கி உருவுவாள், உறைந்த ரத்தம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, "அக்கா, ஒண்ணு 60, இன்னொண்ணு 45" என்பாள். நான் நோட்டில் எழுதுவேன். பாட்டிலை அமுக்கி, காற்று வெளியேறியபின் மூடியைப் போடுவாள். முதல் மூன்று நாள் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, அப்புறம் வைக்கோல் நிற மஞ்சள். எங்களுக்குச் சொல்லியிருந்த கணக்கு, 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்பது. இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். 11ஆம் நாள் ஒன்றும், 14ஆம் நாள் மற்றதும் எடுத்தார்கள். எழுதி வைத்ததால் தொலைபேசியிலேயே கேட்க முடிந்தது, வீணாக ஒருமுறை அலைய வேண்டி வரவில்லை.

இந்த நாட்களுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த, தளர்வான, உள்பக்கம் பை தைத்த சட்டை இரண்டு இருந்தால் போதும். பாட்டிலை அந்தப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டில் கீழே தொங்கி குழாய் இழுபட்டு, அலறிய பிறகுதான் தங்கை பை தைத்தாள்.

கட்டைப் பிரித்த அன்று கண்ணாடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாள் கழித்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். நான் கற்பனை செய்திருந்தது இதைவிடக் கோரமாக இருந்தது. ஆனாலும் அழுதேன். பார்க்க நாளாகிறது என்றால் ஆகட்டும். கணவரோ வேறு யாரோ கூட இருக்க வேண்டுமா, தனியாகவா என்பதும் அவரவர் விருப்பம். செயற்கை மார்பு வைத்த உள்ளாடை, மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை, எதுவும் வேண்டாம் என்று தட்டையாகவே இருப்பது, மூன்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் மூன்றாவது ரகம். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது.

மூன்றாவது வாரம் கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டினது மாதிரி புடைத்தது. நோய் நரம்பில் ஏறிவிட்டது என்று நடுங்கிப்போனேன். பிசியோதெரபிஸ்ட் பார்த்த உடனே, "கார்டிங், நிறைய பேருக்கு வரும்" என்றார். அக்குள் முடிச்சுகளை எடுத்த பிறகு வருவது, ஆபத்தில்லை, நீவியும் நீட்டியும் பழகினால் சில வாரங்களில் விட்டுவிடும். அப்படியே விட்டது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போனது மட்டும் இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார்கள். என் மகள் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். சின்ன வயதில் அவள் உயரத்தை நான் குறித்த அதே சுவர். டெரீஸ் லாஸர் என்ற பெண்மணியைப் பற்றி அறிந்தது அப்போதுதான். மார்பை எடுத்த பிறகு எப்படி வாழ்வது என்று தனக்குச் சொல்ல யாருமே இல்லையே என்று கொதித்துப்போய், 1952இல் அவர் நியூயார்க்கில் 'ரீச் டு ரிகவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயைக் கடந்து வந்த பெண்களே புதிதாக அறுவை சிகிச்சை ஆனவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். கைப் பயிற்சிக்கு ஒரு கயிறும் ஒரு பந்தும், தற்காலிகச் செயற்கை மார்பும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அனுபவித்தவள் வந்து கயிறைக் கையில் கொடுத்து "இப்படித் தூக்குங்கள்" என்பதில் இருக்கும் தெம்பு தனி. பிற்பாடு அந்த வழி பல நாடுகளுக்குப் பரவியது.

கையைப் பற்றி இன்னொன்று. அக்குள் முடிச்சுகளை நிறைய எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும் நிணநீர் வீக்கம் வரலாம். நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது சுமார் 20 பேரில் ஒருவர்தான். பல வருடம் கழித்தும் வரும். எனக்கு மூன்றாம் வருடம் வாட்ச் பட்டை ஒரு துளை இறுகியது, அதுதான் முதல் அறிகுறி. உடனே போனதால் அழுத்த உறையும் மசாஜும் போட்டு அடக்க முடிந்தது. முன்பெல்லாம் அந்தக் கையில் எதையும் தூக்காதே என்பார்கள். மெதுமெதுவாக எடையைக் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மோசமாக்கவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போது பயிற்சி செய்யத்தான் சொல்கிறார்கள், தெரிந்தவர் மேற்பார்வையில். ஆனால் கை திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அது தொற்று.

கீமோ கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அக்கா இருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு இரண்டு சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தவர். முதல் நாள் சிவப்பு மருந்து ஏறும்போதே சொன்னார், "ஒண்ணுக்கு சிவப்பா போகும்மா, ரத்தம்னு பயந்துடாத, மருந்துக் கலர்தான். ஊசி போட்ட இடம் எரிஞ்சா மட்டும் பொறுத்துக்காத, உடனே கூப்பிடு." இரண்டும் பொன்னான வார்த்தைகள். அந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். முடி, முதல் கீமோ முடிந்து 16ஆம் நாள் தலையணையில் கொத்தாக வந்தது. அன்றே மொட்டை போட்டுக்கொண்டேன்.

அந்த அக்கா சொன்ன இன்னொன்றுதான் என்னைக் காப்பாற்றியது. "காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுட்டுப் படுத்துடாத. தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு. 38 டிகிரின்னா ராத்திரின்னும் பார்க்காத, கிளம்பிடு." 38 டிகிரி செல்சியஸ், பழைய கணக்கில் 100.4. இரண்டாம் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், இரவு ஒரு மணிக்குக் குளிர் எடுத்தது, 38.3. விடிந்ததும் போகலாமா என்று கணவரும் நானும் பேசிக்கொண்டே இருந்தோம். அந்த அக்கா குரல் காதில் விழுந்தது போல இருந்தது, கிளம்பினோம். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை அப்படிக் குறைவது வழக்கம். அப்போது வரும் சாதாரணத் தொற்றுகூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஐந்து நாள் ஊசி மருந்தோடு தப்பினேன். கீமோவில் இருக்கும் யாருக்காவது ஒரே ஒரு பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றால் நல்ல தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

அதே கூடத்தில் 29 வயதுப் பெண் ஒருத்தியும் வருவாள். கல்யாணமாகி ஆறு மாதம். கருமுட்டையை எடுத்து உறைய வைக்க வாய்ப்பு உண்டு, அதைக் கீமோ தொடங்கும் முன்பே செய்ய வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான்காவது சுற்றில்தான் தெரிந்துகொண்டாள். குழந்தை பற்றி நினைப்பு இருக்கும் யாரானாலும், மருத்துவர் சொல்லாவிட்டாலும், முதல் கீமோவுக்கு முன் நீங்களே கேளுங்கள். அன்று அவள் அழுத அழுகையை மறக்க முடியாததால் இதைச் சொல்கிறேன்.

கதிர்வீச்சு 15 நாள். வலி இல்லை, கடைசி வாரம் வெயிலில் வெந்த மாதிரி தோல் கறுத்து உரிந்தது, பிறகு ஆறியது. அங்கே காத்திருக்கும் வரிசையில் ஒரு ஆணும் இருந்தார். மனைவிக்குத் துணையாக வந்தவர் என்றே எல்லோரும் நினைத்தோம். அவருக்குத்தான் மார்பகப் புற்றுநோய். இந்த நோய் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர் அளவில் ஆண்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு வராது என்று நினைத்து ஒரு வருடம் கட்டியைக் கவனிக்காமல் விட்டிருந்தார். அவர் எப்போதும் ஓரமாக உட்காருவார். நாங்கள் கூப்பிட்டுப் பேசத் தொடங்கிய பிறகு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளு" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தோழி ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை கீமோ இருக்குல்ல, காலையில ஏழரைக்கு வண்டியோட வந்துடறேன்" என்றாள், ஆறு மாதமும் வந்தாள். வழியில் நான் பேசினால் பேசுவாள், இல்லையென்றால் சும்மா ஓட்டுவாள். நோயாளிக்கு உதவ நினைக்கிறவர்களுக்கு நான் காட்டும் மாதிரி அவள்தான்.

சிகிச்சை முடிந்த அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். நான் அடுத்த வாரத்திலிருந்து உடைய ஆரம்பித்தேன். அதுவரை நோட்டில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வேலை இருந்தது, திடீரென்று வெற்றுப் பக்கம். உடம்பில் அசதி, மனதில் பயம், சுற்றி இருப்பவர்களுக்கோ எல்லாம் முடிந்துவிட்டது. இது நிறைய பேருக்கு வருகிறது. வந்தால் அது நன்றிகெட்டதனம் இல்லை. மனநல மருத்துவரிடம் போனேன், மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டிருந்த டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை பராக்ஸெடின், ஃபுளூஆக்ஸெடின் போன்ற சில மன அழுத்த மாத்திரைகள் தடுக்கும். அப்படித் தடுக்காத மாத்திரைகளும் இருக்கின்றன. அதனால் என்ன மாத்திரை எழுதினாலும், மூலிகை, சத்து மாத்திரை எது எடுத்தாலும், இரண்டு மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

டாமாக்சிஃபென் பொதுவாக ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. உடம்பு தீப்பிடித்த மாதிரி திடீர் வெக்கை, இரவு வியர்வை, எரிச்சல். இரண்டாம் வருடம் யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தினேன். பிறகு பயம் வந்து மருத்துவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, நிறைய பேர் சொல்றதே இல்லை" என்று சொல்லி, வெக்கையைக் குறைக்க ஒரு மருந்து கொடுத்தார், நடைப்பயிற்சியைக் கூட்டச் சொன்னார். தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. மாதவிலக்கு நின்ற பின் மாற்று மாத்திரைக்குப் போனேன், அதில் மூட்டு வலியும் எலும்பு தேய்வும் உண்டு, அதற்கு எலும்பு அடர்த்தி பார்க்கிறார்கள். டாமாக்சிஃபென் எடுக்கும்போது மாதவிலக்கு நின்றபின் மறுபடி ரத்தப்போக்கு வந்தாலோ, ஒரு காலில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

என் தங்கைக்கும் மகளுக்கும் என்ன ஆகும் என்ற கவலை கூடவே இருந்தது. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களும் 1994, 1995இல் அடையாளம் காணப்பட்டவை. எனக்கு அந்தப் பரிசோதனையில் மாற்றம் இல்லை என்று வந்தது. ஆனாலும் தங்கை சீக்கிரமே மேமோகிராம் தொடங்கிவிட்டாள்.

கீமோ கூடத்து அந்த அக்காவுக்கு, என் சிகிச்சை முடிந்து மூன்றாவது வருடம் எலும்பில் நோய் திரும்பி வந்தது. இடுப்பு வலி வாரக்கணக்கில் குறையவே இல்லை என்று போய்ப் பார்த்தபோது தெரிந்தது. நான்காம் ஸ்டேஜ். முழுதாகத் தீர்க்க முடியாது, ஆனால் மருந்தால் அடக்கி வைத்து வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அவரும் இன்று நான்கு வருடமாக வாழ்கிறார். சுகமாகிவிட்டோம் என்று மற்றவர்கள் சேர்ந்து கொண்டாடும் இடங்களுக்கு அவர் வருவதை நிறுத்திவிட்டார். "போராடி ஜெயிச்சவங்கன்னு சொல்றாங்களேம்மா, அப்ப நான் சரியாப் போராடலையா?" என்று என்னிடம் கேட்டார். நானும் அந்தச் சொல்லை எத்தனை மேடையில் கைதட்டிக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அதைப் பயன்படுத்துவதில்லை. நோய் திரும்புவது நோயின் குணம், நோயாளியின் குறை இல்லை.

அவருடைய கேள்விகளும் வேறு. எப்போது முடியும் என்று அவர் கேட்பதில்லை. இந்த மருந்து எத்தனை மாதம் பிடிக்கும், அது பிடிக்காமல் போனால் அடுத்தது என்ன இருக்கிறது, வலியை இன்னும் குறைக்க முடியுமா, பேரன் பள்ளி விழாவுக்குப் போக ஊசி தேதியை மூன்று நாள் தள்ளலாமா. வலி நிவாரண சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் வீட்டில் முதலில் பயந்தார்கள். அதைத் தொடங்கிய பிறகுதான் அவர் மறுபடி மாடிப்படி ஏறினார். சிகிச்சை நடக்கும்போதே கூடவே எடுக்க வேண்டியது அது.

மருத்துவர் அறையில் அவருக்குப் பதற்றத்தில் பாதி காதில் விழுவதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நான் கூடப் போகிறேன். அவர் கேட்பதும் மருத்துவர் சொல்வதும் என் நோட்டில்தான் போகிறது, இது ஐந்தாவது நோட்டு. நாளை காலை ஒன்பதரைக்கு அவருக்கு ஸ்கேன். கேள்விகள் மூன்றை இப்போதுதான் போனில் சொன்னார், இடப்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.